கணைக்காலில் ஓர் உணரி: மெதுவாக நடப்பவரையும் உயரக் குதிப்பவரையும் ஒரே கருவியால் அளந்த பதிவு

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவரோ இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்டவரோ வீட்டில் எவ்வளவு நடக்கிறார் என்பதை அறிய, இயன்முறை மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே கிடைக்கின்றன. ஒன்று, வீட்டாரைக் கேட்பது. "பரவாயில்லை, நடக்கிறார்" என்பதற்கு மேல் அதில் விடை கிடைப்பது அரிது. மற்றொன்று, கையிலோ இடுப்பிலோ கட்டிய அடியெண்ணியைப் பார்ப்பது. அது துல்லியமான எண்ணைக் காட்டுவதால் நம்பிக்கை தருகிறது. ஆனால் மிக மெதுவாக நடப்பவரிடம் அந்த எண்ணே பொய்யாகிறது. விநாடிக்கு ஏறத்தாழ 0.9 மீட்டருக்குக் கீழே நடை வேகம் இறங்கும்போது, இடுப்பில் கட்டும் அடியெண்ணிகள் குறைத்து எண்ணத் தொடங்குகின்றன என்பது பல ஆய்வுகளில் பதிவான செய்தி. பாதம் தரையில் மெதுவாக ஊன்றப்படும்போது இடுப்பு மேலும் கீழுமாக அசைவது குறைந்து, கருவி எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அதிர்வை எட்டாமல் போய்விடுகிறது. வாக்கரைப் பிடித்து நடப்பவருடைய மணிக்கட்டின் நிலை இன்னும் மோசம். கை வீசப்படாததால், கடிகார வகைக் கருவி அவர் உட்கார்ந்திருப்பதாகவே கருதிக்கொள்ளும்.

இயன்முறை மருத்துவராக இருக்கும் நண்பர் ஒருவருக்காக நான் செய்த கருவி இந்தக் குறையிலிருந்துதான் தொடங்கியது. எவ்வளவு மெதுவாக நடந்தாலும் காலை முன்னே வீசாமல் நடக்க முடியாது. ஆகவே காலின் வீச்சையே அளப்பது என்று முடிவு செய்தோம். இது புதிய எண்ணமும் அன்று. 1870களிலேயே பிரான்சில் எத்தியேன் ழூல் மாரே என்ற உடலியல் அறிஞர், காலணியின் அடியில் ரப்பர் காற்றறை ஒன்றை வைத்து, அதிலிருந்து குழாய் இழுத்து, நடப்பவரின் கையிலிருந்த சுழலும் உருளையில் பாதம் ஊன்றும் நேரத்தைக் கோடாகப் பதிய வைத்தார். அந்த உருளைக்குப் பதிலாக இன்று விரல்நகம் அளவுள்ள சில்லு இருக்கிறது என்பதே வேறுபாடு.

நான் எடுத்துக்கொண்ட சில்லு எம்பியு-6050. மூன்று அச்சு முடுக்கமானியும் மூன்று அச்சு கைரோஸ்கோப்பும் ஒன்றாக அமைந்த இது, சிறு பலகையில் பொருத்தப்பட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. முடுக்கத்தை ±2 ஜி முதல் ±16 ஜி வரையிலும் (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு), சுழல் வேகத்தை விநாடிக்கு ±250 பாகை முதல் ±2000 பாகை வரையிலும் நான்கு நான்கு வீச்செல்லைகளில் அளக்கலாம். சில்லு விழித்தெழும்போது ±2 ஜி, ±250 பாகை என்ற மிகச் சிறிய எல்லைகளிலேயே நிற்கும். மாதிரி நிரல்கள் பலவும் அதை அப்படியே விட்டுவிடுகின்றன. மேசை மேல் கையால் அசைத்துப் பார்ப்பதற்கு அது போதும். ஆனால் நலமாக நடக்கும் ஒருவரின் கணைக்கால், முன்னே வீசப்படும் நடுக்கட்டத்தில் விநாடிக்கு 300 பாகைக்கு மேல் எளிதாகச் செல்லும். ±250 எல்லையில் அந்த முகடு மொட்டையாக வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். நோயாளியின் காலில் சரியாகத் தெரியும் வரைபடம், அவருக்குத் துணையாக நடப்பவரின் காலில் கெட்டுவிடும். ஆகவே நடைக்கு ±1000 பாகை, ±8 ஜி என்று வைத்துக்கொண்டேன்.

தரவை வாங்கி மைக்ரோ எஸ்டி அட்டையில் எழுதும் வேலை, வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகையான ஈஎஸ்பி32 போர்டுக்கு. வைஃபையை அணைத்தே வைத்தேன், ஏனெனில் நடக்கும்போதே திரையில் கோடு ஓடுவதைப் பார்ப்பது அழகாக இருக்குமே தவிர, தாழ்வாரத்தின் மறுமுனைக்கு ஆள் போனதும் தரவு விட்டுப்போவது பெரிய தொல்லை. அட்டையில் எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எஸ்டி அட்டை அவ்வப்போது தன் உள்வேலைக்காகச் சிறிது நேரம் முரண்டு பிடித்து நின்றுவிடும்; அந்த இடைவெளியில் வரும் அளவீடுகள் தொலையக் கூடாது. எம்பியு-6050க்குள்ளேயே 1024 பைட் அளவுள்ள வரிசை நினைவகம் இருக்கிறது. ஓர் அளவீட்டுக்கு 12 பைட் வீதம் அதில் 85 அளவீடுகள் தங்கும். விநாடிக்கு 100 அளவீடு எடுத்தால் 0.85 விநாடி வரை தாக்குப்பிடிக்கலாம். இதோடு ஈஎஸ்பி32இன் நினைவகத்தில் இரண்டு இடைத்தாங்கிகளை வைத்து, ஒன்று நிரம்பும்போது மற்றதை எழுதும்படி செய்ததும் தரவு விடுபடுவது நின்றது.

மின்சாரம் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது, சிறிய லித்தியம் மின்கலங்களுக்குப் பலரும் பயன்படுத்தும் டிபி4056 சார்ஜர் பலகையில், மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் மின்தடை 1.2 கிலோ ஓம் ஆகவே வரும். அது 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். பட்டையில் அடங்கும் 500 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்துக்கு அது இரு மடங்கு வேகம். மின்கலம் சூடாகும், உப்பும். காலில் கட்டும் கருவியில் இதை ஏற்கவே முடியாது. "122" என்று அச்சிட்ட அந்தக் கடுகளவு மின்தடையை, இரு முனையிலும் சாலிடர் வைத்து ஒருசேரச் சூடாக்கி இடுக்கியால் தள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 5 கிலோ ஓம் மின்தடையை வைத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 250 மில்லி ஆம்பியராக இறங்கிவிடும். இரண்டாவது, பல ஈஎஸ்பி32 போர்டுகளில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் 1117 வகை ரெகுலேட்டர், 3.3 வோல்ட்டைத் தர அதைவிட ஏறத்தாழ 1 வோல்ட் கூடுதலான உள்ளீட்டைக் கேட்கும். 3.7 வோல்ட் மின்கலத்தால் அதைக் கொடுக்க இயலாது. எனவே அதைத் தவிர்த்து, குறைந்த வீழ்ச்சியுள்ள ரெகுலேட்டரைத் தனியே சேர்க்க வேண்டும்.

அடுத்தது அளவுத்திருத்தம். முடுக்கமானிக்குப் புவியீர்ப்பே போதுமான அளவுகோல். கருவியை ஒரு சதுரப் பெட்டிக்குள் அசையாமல் ஒட்டி, ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து, ஒவ்வோர் அச்சும் மேல்நோக்கும்போதும் கீழ்நோக்கும்போதும் காட்டும் எண்களைக் குறித்துக்கொண்டால், இரண்டின் சராசரியிலிருந்து பூச்சியப் பிழையும், வித்தியாசத்தின் பாதியிலிருந்து ஒரு ஜிக்கான அளவும் கிடைத்துவிடும். சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 9.78 மீட்டர், பாடநூலில் உள்ள 9.81 அன்று. இந்த வேலைக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை என்றாலும், மீட்டர் கணக்குக்கு மாற்றும்போது உள்ளூர் எண்ணையே இடுவது நல்லது.

கைரோஸ்கோப்பைச் சரிபார்ப்பதுதான் கடினம், ஏனெனில் தெரிந்த வேகத்தில் சீராகச் சுழலும் ஒன்று வேண்டும். அதற்குப் பழைய இசைத்தட்டு பிளேயர் கைகொடுத்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று என்று வழக்கில் சொன்னாலும், சரியான வேகம் 33 1/3 சுற்று. அதாவது விநாடிக்குத் துல்லியமாக 200 பாகை. 45 சுற்று வேகத்தில் 270 பாகை. தட்டின் வேகம் சரிதானா என்பதை ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, 3 நிமிடத்தில் 100 சுற்று வருகிறதா என்று எண்ணி உறுதி செய்துகொள்ளலாம். கருவியைத் தட்டின் நடுவில் வைத்து, மூன்று அச்சுகளையும் மாற்றி மாற்றி நிறுத்தி ஓட்டினேன். ஓரத்தில் வைத்தாலும் சுழல் வேகம் மாறாது. ஆனால் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளியதும் மையநோக்கு முடுக்கம் 0.12 ஜி அளவுக்கு முடுக்கமானியில் ஏறிவிடும். இதே தட்டில் ±250 எல்லையை விளங்கிக்கொள்வதும் எளிது. 33 சுற்றில் 200 என்று ஒழுங்காகக் காட்டும் கருவி, 45 சுற்றுக்கு மாற்றியதும் 250இல் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "விநாடிக்கு 100 அளவீடு" என்று சில்லுக்குக் கட்டளையிட்டால் அது 100 ஆகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எம்பியு-6050இன் தகவல் தாளின்படியே, கைரோஸ்கோப்பைக் கடிகாரமாகக் கொள்ளும்போது வீதத்தில் ±1 சதவீதமும், உள் அலையியற்றியைக் கொள்ளும்போது ±5 சதவீதமும் வேறுபாடு இருக்கலாம். ஒரு சதவீதம் என்பது ஆறு நிமிட நடைச் சோதனையில் 3.6 விநாடி. இரண்டு கால்களிலும் தனித்தனிக் கருவி கட்டியிருக்கும்போது, வலது கால் வருங்காலத்துக்கும் இடது கால் கடந்த காலத்துக்கும் போய்விடும். ஆகவே அளவீடுகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடாமல், ஒவ்வொரு தொகுதிக்கும் ஈஎஸ்பி32இன் படிகக் கடிகாரம் காட்டும் நேரத்தை முத்திரையாக இட்டேன். தொடக்கத்திலும் முடிவிலும் இரு கருவிகளையும் ஒன்றாகப் பிடித்து மூன்று முறை தட்டிவிட்டால், வரைபடத்தில் எழும் மூன்று கூர்முனைகளை வைத்து இரண்டையும் கைபேசிக் காணொளியையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடலாம்.

கருவியைக் கட்டும் இடம், கணுக்காலுக்கு ஒரு கையகலம் மேலே, கணைக்காலின் வெளிப்புறம். அங்கே எலும்பு தோலுக்கு அருகில் இருப்பதால் தசையின் ஆட்டம் குறைவு. கெண்டைச் சதையின் மேல் கட்டினால் ஒவ்வொரு ஊன்றலிலும் கருவியும் சேர்ந்து குலுங்கும். வெல்க்ரோ பட்டையின் உட்புறம் வழுக்காத ரப்பர் துணியைத் தைத்தோம். சேலையின் கொசுவம் பெட்டியில் உரசும்போது வரும் சிறு நடுக்கம் முடுக்கமானியில் தெளிவாகத் தெரிந்தது. கைரோஸ்கோப் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ரப்பர் செருப்பின் கதையும் இதுவே. குதிகால் ஊன்றிய பிறகு செருப்பு தனியாக "சப்" என்று அடிப்பதை முடுக்கமானி இன்னொரு ஊன்றலாகக் காட்டும். அதனால் ஒரே நோயாளியை ஒரு வாரம் செருப்போடும் மறுவாரம் வெறுங்காலோடும் நடக்கவிட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. எது என்பதைப் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். கால் வீக்கமும் நீரிழிவும் உள்ளவர்களுக்குப் பட்டையை இறுக்குவதில் எச்சரிக்கை தேவை. கழற்றியதும் தோலில் பதிந்த தடத்தைப் பார்ப்பது என் நண்பரின் வழக்கம். அவரிடமிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது. முதலில் கட்டிக்கொள்ள வந்த மூதாட்டி ஒருவர், பெட்டியில் மினுக்கிய சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஷாக் கீக் அடிக்காதே?" என்று கேட்டார். மறுநாளே அந்த விளக்கின் மேல் கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டேன்.

இனி கோட்டில் தெரிவது என்ன என்று பார்ப்போம். காலின் முன்-பின் வீச்சைக் காட்டும் அச்சை மட்டும் எடுத்து வரைந்தால், ஒவ்வொரு நடைச் சுற்றிலும் (வலது எட்டு ஒன்றும் இடது எட்டு ஒன்றும் சேர்ந்தது ஒரு சுற்று) ஒரு பெரிய முகடும் அதன் இருபுறமும் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். முகடு, கால் காற்றில் முன்னே வீசப்படும் நடுக்கட்டம். அதற்கு முந்தைய பள்ளம், விரல்கள் தரையை விட்டு எழும் கணத்துக்கு நெருக்கமானது. பிந்தைய பள்ளம், குதிகால் தரையைத் தொடும் கணத்துக்கு நெருக்கமானது. நலமான நடையில் சுற்றின் ஏறத்தாழ 60 சதவீத நேரம் பாதம் தரையிலும் 40 சதவீத நேரம் காற்றிலும் இருக்கும். நிமிடத்துக்கு 110 எட்டு வைப்பவருக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 1.09 விநாடி, அதில் கால் காற்றிலிருப்பது 0.44 விநாடி. விநாடிக்கு 100 அளவீடு என்றால் ஒவ்வொரு கணத்தையும் 10 மில்லி விநாடி நுண்மையில் குறிக்கலாம். இது வீச்சு நேரத்தில் இரண்டு சதவீதத்தைச் சற்றே தாண்டும். வலது இடது வேறுபாட்டைப் பேச இது போதுமானது. சில்லின் உள்வடிகட்டியை 42 ஹெர்ட்ஸில் வைக்கும்போது ஏற்படும் சுமார் 5 மில்லி விநாடித் தாமதம் இரு காலுக்கும் பொதுவானதால், வித்தியாசங்களை அது தொடுவதில்லை.

நலமானவரிடம் இந்தக் கணக்கு வெகு எளிது. பக்கவாதத்தால் பாதித்த காலில்தான் உண்மையான வேலை. முழங்கால் மடங்காமல் காலை வட்டமாகச் சுழற்றி முன்னே கொண்டு வருபவரிடம், வீச்சின் ஒரு பகுதி பக்கவாட்டு அச்சுக்குப் போய்விடுவதால் முகடு தாழ்ந்துவிடும். குதிகாலுக்குப் பதில் பாதம் முழுவதும் ஒன்றாக ஊன்றப்படுவதால், பிந்தைய பள்ளம் மழுங்கிப் பரந்து கிடக்கும். "விநாடிக்கு இத்தனை பாகைக்கு மேல் போனால் எட்டு" என்ற நிலையான எல்லை இங்கே செல்லாது. அந்தக் காலின் முகடுகளின் இடைநிலை மதிப்பைக் கண்டு, அதில் பாதியை எல்லையாக வைத்தோம். ஒவ்வொரு காலும் தனக்குரிய எல்லையைத் தானே வகுத்துக்கொள்கிறது. மழுங்கிய பள்ளங்களுக்கு மட்டும் முடுக்கமானியின் அதிர்வைத் துணைச் சான்றாகக் கொண்டோம். சரிபார்க்க, கைபேசியில் விநாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் மெதுவியக்கக் காணொளியே போதுமானதாக இருந்தது. ஒரு சட்டகம் ஏறத்தாழ 4 மில்லி விநாடி என்பதால், கருவியைவிட அது நுண்மையான சாட்சி.

நடந்த தொலைவைக் கண்டுபிடிக்க முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் போதுமே என்று பொறியியல் மாணவர்கள் கேட்பதுண்டு. தாளில் அது சரி. ஒரு ஜியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பூச்சியப் பிழை இருந்தாலே 10 விநாடியில் அரை மீட்டரும், ஒரு நிமிடத்தில் 17 மீட்டருக்கு மேலும் தொலைவு தவறிவிடும். ஆள் நாற்காலியில் அமர்ந்திருக்க, கணினியில் அவர் தெருமுனையைக் கடந்திருப்பார். ஆகவே நீளத்தைத் தரையில் நாடா வைத்து அளப்பதும், நேரத்தைக் கருவியில் எடுப்பதுமே நம்பத்தக்கது. 10 மீட்டர் நடைச் சோதனையில் வேகம் பிடிக்கவும் நிற்கவும் இருமுனையிலும் கூடுதல் இடம் விட்டு, கோட்டைக் கடக்கும் கணத்தைக் காணொளியில் பிடித்தோம். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு அமெரிக்க நெஞ்சக நோய்க் கழகத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டி 30 மீட்டர் தாழ்வாரத்தைக் கேட்கிறது. மருத்துவமனைத் தாழ்வாரங்களில் 30 மீட்டர் இருந்தாலும், அதில் ஸ்ட்ரெச்சரும் உறவினரும் பெஞ்சும் இல்லாத 30 மீட்டர் கிடைப்பதில்லை. குறுகிய தடத்தில் திரும்புதல்கள் கூடித் தொலைவு குறைவதால், தடத்தின் நீளத்தையும் எழுதி, ஒரே தடத்தில் எடுத்த அளவுகளை மட்டுமே ஒப்பிட்டோம்.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரும் சோதனை 1991இல் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் விவரித்தது. ஸ்டாப்வாட்ச் அதில் மொத்த நேரத்தை மட்டுமே தரும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கையேடு கொள்கிறது. எங்களுக்குச் சுவையாக இருந்தது அந்த மொத்தத்தின் பங்கீடு. திரும்பும் கட்டத்தில் செங்குத்து அச்சில் சுழற்சி எழுவதால், திரும்ப எவ்வளவு நேரம், எத்தனை குறு எட்டுகள் என்பது கணைக்கால் கருவியிலேயே தெரிந்துவிடும். ஒரே மொத்த நேரம் எடுக்கும் இருவரில் ஒருவர் எழத் தடுமாறுபவராகவும் மற்றவர் திரும்பத் தடுமாறுபவராகவும் இருக்கலாம். இருவருக்கும் தரவேண்டிய பயிற்சி வேறு. ஆனால் எழுவதும் அமர்வதும் கணைக்காலில் ஒழுங்காகத் தெரிவதில்லை. உடல் முன்னே சாய்வதைக் காண, இடுப்பின் பின்புறம் மூன்றாவது கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இதே கருவியைக் கல்லூரி மைதானத்துக்குக் கொண்டு சென்றபோது அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது: ±16 ஜி, ±2000 பாகை, விநாடிக்கு 200 அளவீடு. வரிசை நினைவகம் தாங்கும் நேரம் 0.42 விநாடியாகச் சுருங்கிவிட்டதால், முன்பே ஃபார்மட் செய்து வைத்த எஸ்டி அட்டையை மட்டுமே போட்டோம். நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரத்தைக் காற்றிலிருந்த நேரத்திலிருந்து கணக்கிடலாம்: நேரத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் உயரம். அரை விநாடி காற்றிலிருந்தால் ஏறத்தாழ 30.6 செ.மீ. அந்த நேரத்தில் 10 மில்லி விநாடி தவறினால் உயரம் 1.2 செ.மீ. மாறிவிடும், பயிற்சியால் ஒரு மாதத்தில் கூடும் உயரமே அவ்வளவுதான் இருக்கும் என்பதால் 100 அளவீடு இங்கே போதாது. இதைவிடப் பெரிய பிழை வீரர்களிடமிருந்தே வந்தது. தரையைத் தொடும் முன் முழங்காலை மடக்கி இறங்கினால் காற்றிலிருக்கும் நேரம் நீண்டு, குதிக்காத உயரத்தையும் கருவி காட்டும். இந்தச் சூட்சுமத்தை அவர்கள் இரண்டாம் சுற்றிலேயே கண்டுகொண்டார்கள். கால் நீட்டி இறங்காத குதிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று பயிற்சியாளர் அறிவித்த பிறகே எண்கள் அடங்கின.

வேக ஓட்டத்தில் வெறுங்கால் மோதும்போது ±16 ஜி எல்லையும் சில வேளைகளில் முட்டியது. எனவே ஓட்டத்தில் மோதலின் அளவைப் பேசாமல், பாதம் தரையிலிருந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். கபடி வீரர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. பக்கவாட்டில் நழுவுவதும், ஒரே காலில் எம்பித் தொடுவதும், தரையில் விழுந்து புரள்வதும் "எட்டு" என்ற அலகுக்குள் அடங்குவதில்லை. அவர்களுக்கு எட்டுகளை விட்டுவிட்டு, முடுக்கத்தின் ஏற்ற இறக்கத்தை 10 விநாடிக் கூறுகளாகச் சேர்த்து, எவ்வளவு நேரம் தீவிரமாக அசைந்தார்கள் என்று காட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

கருவி தரும் அறிக்கையில் முதலில் இருபதுக்கும் மேற்பட்ட எண்கள் இருந்தன. நண்பர் அதைப் பார்த்துவிட்டு, பென்சிலால் பெரும்பாலானவற்றை அடித்துவிட்டு நான்கை மட்டும் விட்டார்: நடை வேகம், நிமிடத்துக்கு எத்தனை எட்டு, இரு கால்களின் வீச்சு நேர விகிதம், திரும்ப எடுத்த நேரம். கோப்புகளில் நோயாளியின் பெயர் இல்லை. வரிசை எண் மட்டும். இது அங்கீகாரம் பெற்ற மருத்துவக் கருவி அன்று என்பதால், நோயைக் கண்டறியவோ மருந்தை மாற்றவோ இதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரே ஆளின் போன வார நடையையும் இந்த வார நடையையும் அருகருகே வைத்துப் பார்க்கவே உதவுகிறது. நாள் முழுவதும் வீட்டில் கட்டிக்கொள்ளும் வகையில் இதை மாற்ற, ஈஎஸ்பி32ஐ உறக்கத்தில் வைத்துக் கால் அசையும்போது மட்டும் எழுப்பும் நிரலை எழுதி வருகிறேன். குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் தலைகீழாகக் கட்டிக்கொள்பவர்களுக்காக, முகட்டின் திசையைப் பார்த்துக் கருவியே அச்சைத் திருப்பிக்கொள்ளும் வசதி ஏற்கெனவே வேலை செய்கிறது.